குடியை நிறுத்திய முதல் 90 நாள்: மூளையில் எது எப்போது தேறுகிறது?

#1 · தஞ்சை_தன்னார்வலர்

வணக்கம். குடிநோயாளிகளின் குடும்பங்களுக்கு இலவசமாகக் கொடுக்க ஒரு சிறு கையேடு தயாராகிறது. "நிறுத்திய பிறகு மூளைக்குள் என்ன நடக்கிறது" என்ற பகுதிதான் இடிக்கிறது. ஒரு துண்டுப்பிரசுரத்தில் 21 நாள் என்கிறார்கள், இன்னொன்றில் ஒரு மண்டலம், இணையத்தில் 90 நாள். 90 நாள் தாண்டினால் மூளை பழையபடி ஆகிவிடும் என்று அச்சடித்துவிடலாமா?

கஞ்சா, மாத்திரை எல்லாம் இப்போதைக்கு வேண்டாம், மதுவை மட்டும் பேசுவோம். எந்த வாரத்தில் எது தேறும், எதைத் தேறியதாக நினைத்து ஏமாறுகிறோம், வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம் என்று துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

#2 · மனநலம்_மதுரை

அந்த வாக்கியத்தைத் தயவுசெய்து அச்சடிக்காதீர்கள். மூளையின் ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு வேகத்தில் தேறுகிறது. நரம்புகளின் கொதிப்பு அடங்கச் சில நாட்கள் போதும். மூளையின் மேலடுக்கான புறணியின் தடிமன் மீள வாரங்களும் மாதங்களும் ஆகும். தூக்கம் சீராகச் சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். ஆள் தெளிவாகிவிட்டார் என்று கண்ணுக்குத் தெரிவது இரண்டாவது வாரத்திலேயே நடந்துவிடும். உள்ளே பாதி வேலைகூட அப்போது முடிந்திருக்காது. குடும்பங்கள் ஏமாறுவது இந்த இடைவெளியில்தான். கையேட்டில் ஒரே ஒரு விஷயம் பதிய வேண்டுமென்றால் அது இதுவாக இருக்கட்டும்.

முதல் கட்டத்தைச் சொல்கிறேன். மூளையில் அடக்கும் வேலையைச் செய்வது காபா, தூண்டும் வேலையைச் செய்வது குளூட்டமேட். மது காபாவின் செயலைக் கூட்டுகிறது, குளூட்டமேட்டின் சைகையை வாங்கும் என்எம்டிஏ ஏற்பிகளை அமுக்குகிறது. வருடக்கணக்கில் இப்படி நடந்தால் மூளை ஈடுகட்டிக்கொள்கிறது. காபா ஏற்பிகளின் உட்கூறுகள் மாறி உணர்திறன் குறைகிறது, என்எம்டிஏ ஏற்பிகளின் எண்ணிக்கை கூடுகிறது. மதுவைத் திடீரென்று எடுத்துவிட்டால் அடக்க ஆளில்லை, தூண்டல் மட்டும் மிஞ்சுகிறது. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, வலிப்பு எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன. இந்தக் கட்டத்தைத்தான் விலகல் என்கிறோம்.

கடைசிக் குடிக்குப் பிறகு 6 முதல் 8 மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கும். வலிப்பு வந்தால் பெரும்பாலும் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இல்லாததைப் பார்ப்பது, நேரமும் இடமும் தெரியாமல் பிதற்றுவது, காய்ச்சல், எகிறும் நாடித்துடிப்பு ஆகியவை சேர்ந்த டெலிரியம் ட்ரெமன்ஸ் பெரும்பாலும் 48 முதல் 96 மணி நேரத்தில் வரும். இரண்டாம் நாள் நன்றாக இருக்கிறாரே என்று வீட்டுக்கு அழைத்துப்போவது இதனால்தான் ஆபத்து.

இன்னொன்றும் உண்டு. குடித்து, நிறுத்தி, மறுபடி குடித்து, மறுபடி நிறுத்தும் ஒவ்வொரு சுற்றும் அடுத்த விலகலைக் கடுமையாக்குகிறது. பாலெஞ்சரும் போஸ்ட்டும் 1978-லேயே இதை எழுதினார்கள். முதல் தடவை வெறும் நடுக்கத்தோடு போனவருக்கு ஐந்தாவது தடவை வலிப்பு வரலாம். "போன தடவை வீட்டிலேயே சமாளித்தோம்" என்ற சமாதானம் செல்லாது.

#3 · வார்டு_சிஸ்டர்

டாக்டர் சொன்ன முதல் அஞ்சு நாள்ல வார்டுல என்ன பார்க்கிறோம்னு சொல்றேன், கையேட்டுக்கு உதவும்.

சிஐடபிள்யூஏ-ஏஆர்னு ஒரு அளவுகோல் இருக்கு. குமட்டல், நடுக்கம், வியர்வை, பதற்றம், நிலைகொள்ளாமை, தலைவலி, தோல்ல ஊருற மாதிரி உணர்வு, காதுல கேக்குறது, கண்ணுல தெரியுறது, நேரம்-இடம் தெரியுதான்னு மொத்தம் 10 அம்சம், 67 மதிப்பெண். 8க்குக் கீழேன்னா லேசு. 15க்கு மேலேன்னா கடுமை. சில மணி நேரத்துக்கு ஒரு தடவை போட்டு, ஏறுதா இறங்குதான்னு பார்க்கணும். ஒரு தடவை போட்ட எண்ணை வெச்சு முடிவு பண்ணக் கூடாது.

நடுக்கம் பார்க்க இரண்டு கையையும் நீட்டி விரலை விரிக்கச் சொல்லணும். கை நீட்டி மணிக்கட்டை மேல மடக்கச் சொன்னா பட்டுப்பட்டுன்னு விழுதா? அது வேற சமாச்சாரம், கல்லீரல் பழுதால மூளை மந்தமாகுறது. இந்த இரண்டையும் குழப்பிட்டு, "குழப்பமா இருக்கார்"னு மயக்க மாத்திரையைக் கூட்டினா கல்லீரல் நோயாளி ஆழ்ந்த மயக்கத்துக்குப் போயிடுவார். மலம் எத்தனை நாளா போகலைன்னு கேளுங்க. மலச்சிக்கல் அந்த மந்தத்தைக் கூட்டும்.

தலையில அடிபட்ட தடம் இருக்கான்னு முடியை விலக்கிப் பார்க்கணும். போதையில விழுந்து மண்டைக்குள்ள மெதுவா ரத்தம் கட்டியிருந்தா அதுவும் "விலகல்"னே பேர் வாங்கிடும். ஒரு பக்கம் கண்ணு பாப்பா பெருசு, ஒரு பக்கம் கை கால் சோர்வு, தூக்கம் கூடிக்கிட்டே போறது எதுவாயிருந்தாலும் உடனே சி.டி. ஸ்கேன்.

அறை வெளிச்சமா இருக்கட்டும், ராத்திரியும் ஒரு விளக்கு எரியட்டும். நிழலைப் பார்த்துப் பயந்து எழுந்து ஓடுறதுலதான் நிறைய பேர் விழுறாங்க. தெரிஞ்ச முகம் ஒண்ணு பக்கத்துல இருந்து, இது எந்த ஊர், என்ன கிழமைன்னு மெதுவா சொல்லிக்கிட்டே இருந்தா அது பெரிய மருந்து.

#4 · தஞ்சை_தன்னார்வலர்

நன்றி சிஸ்டர். ஆனால் எல்லோராலும் உள்நோயாளியாகச் சேர முடியாது. கூலி வேலை, படுக்கை கிடைக்காத நிலை. வீட்டிலேயே நிறுத்தலாம் என்று யாருக்குச் சொல்லலாம்?

#5 · மனநலம்_மதுரை

நியாயமான கேள்வி. முன்பு வலிப்போ டெலிரியமோ வந்ததில்லை, மஞ்சள் காமாலையோ வயிற்றில் நீர்க்கோப்போ இல்லை, வயது அறுபதைத் தாண்டவில்லை, கர்ப்பம் இல்லை, கண் விழித்ததும் குடித்தால்தான் கை நிற்கும் என்ற நிலை இல்லை, 24 மணி நேரமும் குடிக்காத ஒரு பெரியவர் கூட இருக்கிறார், முதல் ஐந்து நாளும் தினம் ஒரு தடவை மருத்துவரைப் பார்க்க முடியும். இத்தனையும் பொருந்தினால் வெளிநோயாளியாகவே முடிக்கலாம். ஒன்று தவறினாலும் சேர்ப்பதுதான் சரி. வலிப்பு வந்தால் 108. வாயில் எதையும் திணிக்காமல் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள்.

கடையில் அல்பிரசோலாம் என்ற பதற்ற மாத்திரையை வாங்கிக் கொடுத்து நிறுத்தப் பார்ப்பது வேண்டவே வேண்டாம். அதன் செயல் சீக்கிரம் இறங்கிவிடும், இடையிடையே விலகல் எட்டிப் பார்க்கும். கடைசியில் மாத்திரைக்கும் அடிமையாகிவிடுவார்கள்.

#6 · மருந்தாளர்_கோவை

டாக்டர் மாத்திரை பற்றித் தொட்டதால் தொடர்கிறேன். விலகலுக்கு வழக்கமாகக் கொடுப்பது குளோர்டையசெபாக்சைடு. உடலில் நீண்ட நேரம் நிற்கும், அதனால் இறக்கம் மெதுவாக இருக்கும். நடுத்தரக் கடுமைக்கு ஒரு நாளில் 4 வேளை 20 முதல் 30 மி.கி. வரை தொடங்கி, 5 முதல் 7 நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். கல்லீரல் கெட்டவருக்கு அது உடலில் தேங்கிவிடும் என்பதால் லோராசெபாம். அளவை முடிவு செய்வது மருத்துவர். குடும்பம் பார்க்க வேண்டியது இரண்டே: மாத்திரையைத் தன் கையில் வைத்துக் கொடுப்பது, ஏழெட்டு நாளில் முடிந்த சீட்டை மறுபடி கடையில் நீட்டாமல் இருப்பது.

இனி தயமின், அதாவது பி1 வைட்டமின். இதில் நடக்கும் தவறுகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது. மூளை குளுக்கோஸை எரிக்கத் தயமின் வேண்டும். உடலின் மொத்தக் கையிருப்பு ஏறத்தாழ 30 மி.கி. மட்டுமே. உணவில் வராவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் காலி. குடிப்பவருக்குக் குடலும் சரியாக உறிஞ்சாது. ஆரோக்கியமானவருக்கே ஒரு வேளை மாத்திரையிலிருந்து ரத்தத்தில் சேர்வது சுமார் 4.5 மி.கி.தான். கடையில் "சத்து மாத்திரை" என்று கொடுக்கும் பி காம்ப்ளெக்ஸ் பலவற்றில் 10 மி.கி. மட்டுமே இருக்கும். அதை நம்பி இருக்க முடியாது.

ஆபத்து உள்ளவருக்கு முதல் 3 முதல் 5 நாள் தினம் 250 மி.கி. ஊசி. தயமின் குறைவால் மூளை பழுதாகும் வெர்னிக்கே நோய் வந்துவிட்டது என்று சந்தேகம் வந்தால் 500 மி.கி., ஒரு நாளில் மூன்று வேளை, நரம்பு வழியாக. 100 மி.லி. சலைனில் கலந்து அரை மணி நேரம் ஏற்றுவார்கள். குறைந்தது இரண்டு மூன்று நாள். அதன் பிறகு ஊசி அளவைக் குறைத்து, கடைசியில் 100 மி.கி. மாத்திரை.

"உடம்பு தெம்பே இல்லை, ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏத்துங்க" என்று தெருமுனைக் கிளினிக்கில் கேட்டு வாங்குவது நம் ஊர் வழக்கம். தயமின் இல்லாமல் குளுக்கோஸ் ஏறினால் மிச்சமிருக்கும் கொஞ்சத் தயமினும் செலவாகி வெர்னிக்கே தூண்டப்படலாம். தயமின் முதலில் போகட்டும், அல்லது இரண்டும் ஒன்றாகப் போகட்டும். ரத்தச் சர்க்கரை அபாயமாக இறங்கியிருந்தால் மட்டும் குளுக்கோஸுக்குக் காத்திருக்கக் கூடாது.

எவ்வளவு தயமின் ஏற்றினாலும் முன்னேற்றம் இல்லையென்றால் மக்னீசியத்தைப் பாருங்கள். தயமினைக் கொண்டு வேலை செய்யும் நொதிகளுக்கு மக்னீசியமும் வேண்டும். குடி அதைச் சிறுநீரில் கழித்துவிடும். மாதக்கணக்கில் பான்டோப்ரசோல் என்ற அமில மாத்திரை போடுபவருக்கு இன்னும் குறைந்திருக்கும்.

#7 · உணவியல்_நாகை

மருந்தாளர் சார் தயமின் பற்றி எழுதியதோடு சோற்றையும் சேர்க்க வேண்டும். நீலகிரியின் குன்னூரில் 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் ஓர் அறையில் தொடங்கிய பெரிபெரி ஆய்வுப் பிரிவுதான் பின்னாளில் ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. பெரிபெரியும் தயமின் குறைவுதான். தீட்டிய பச்சரிசியில் தவிட்டோடு தயமின் போய்விடும். புழுங்கல் அரிசியில், நெல்லை அவிக்கும்போதே தவிட்டிலிருந்த தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுவதால், தீட்டிய பிறகும் கணிசமாக மிஞ்சும். நாலைந்து தண்ணீர் களைந்து, கஞ்சியை வடித்துக் கொட்டினால் அதுவும் போகும். மீள்பவர் வீட்டில் புழுங்கல் அரிசி, ஒரே ஒரு களைவு, வடிக்காமல் வேகவைத்த சோறு. கூடவே பாசிப்பயறு, உளுந்து, வேர்க்கடலை, முட்டை.

டீயில் உள்ள டானினும் பாக்கும் தயமினைக் கெடுக்கும். மாத்திரைக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேர இடைவெளி வேண்டும். வெற்றிலை போடும் பழக்கம் இருந்தால் பாக்கை நிறுத்துங்கள்.

அதைவிடப் பெரிய எச்சரிக்கை ஒன்று. ஐந்து நாளுக்கு மேல் சரியாகச் சாப்பிடாமல் குடித்துக்கொண்டே இருந்தவருக்கு, "பாவம், வயிறு காய்ந்திருக்கு" என்று முதல் நாளே பிரியாணி போடக் கூடாது. திடீரென்று மாவுச்சத்து இறங்கினால் இன்சுலின் எகிறி, ரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் செல்லுக்குள் ஓடிவிடும். இதயத் துடிப்பு தடுமாறும், மூச்சுத் தசைகள் தளரும், குழப்பம் வரும். உடல் எடையில் கிலோவுக்கு 10 கலோரி அளவில் தொடங்கி, 4 முதல் 7 நாளில் மெல்ல ஏற்ற வேண்டும். 50 கிலோ ஆளுக்கு முதல் நாள் 500 கலோரிதான். இரண்டு இட்லி, பருப்பு, ஒரு முட்டை, கொஞ்சம் மோர்சாதம், அவ்வளவே. தயமின் அதற்கு முன்பே போயிருக்க வேண்டும். பாஸ்பேட் அளவைத் தினமும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், பல இடங்களில் கேட்டால்தான் பார்ப்பார்கள்.

#8 · மனநலம்_மதுரை

மேடம் சொன்னதற்கு ஒரு பின்குறிப்பு, மருத்துவம் பார்க்கும் தம்பி தங்கைகளுக்கு: ரத்தத்தில் சோடியம் குறைந்து வருபவரிடம் அவசரப்படாதீர்கள். குடிநோயாளியின் சோடியத்தை 24 மணி நேரத்தில் லிட்டருக்கு 8 மில்லிமோலுக்கு மேல் உயர்த்தினால் மூளைத்தண்டின் நரம்புறை சிதையலாம். ஆள் தெளிந்து பேசிவிட்டு, 2 முதல் 6 நாள் கழித்துப் பேச்சு குழறி, விழுங்க முடியாமல், கை கால் விழுந்து கிடப்பார். ரேமண்ட் ஆடம்ஸ் குழு 1959-இல் இதை முதலில் விவரித்தது குடிநோயாளிகளையும் சத்துக் குறைந்தவர்களையும் வைத்துத்தான்.

வெர்னிக்கே பற்றி ஒன்று. கண் அசைவுக் கோளாறு, தள்ளாட்டம், குழப்பம் மூன்றும் சேர்ந்து வரும் என்று பாடப்புத்தகம் சொல்லும். பெர்த் நகரில் கிளைவ் ஹார்ப்பர் குழு பிரேதப் பரிசோதனையில் வெர்னிக்கே உறுதியானவர்களின் பழைய குறிப்புகளைப் புரட்டி 1986-இல் வெளியிட்டது. மூன்றும் இருந்தது 16 சதவீதத்தினருக்குத்தான். மற்ற பெரும்பாலோருக்கு உயிரோடு இருந்தபோது நோய் கண்டறியப்படவேயில்லை. எனவே மூன்றும் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சாப்பாடு சரியில்லாதது, கண் அசைவு, தள்ளாட்டம், மனக்குழப்பம் அல்லது லேசான மறதி என்ற நான்கில் இரண்டு இருந்தாலே ஊசியைத் தொடங்கலாம்.

தவறவிட்டால் மிஞ்சுவது கோர்சகாஃப் மறதி. புதிதாக எதுவும் மனதில் நிற்காது, இடைவெளியை நடக்காத கதைகளால் நிரப்புவார். விக்டர், ஆடம்ஸ், காலின்ஸ் 1971-இல் தந்த கணக்கில் ஏறத்தாழ கால்பங்கினருக்கு எந்த முன்னேற்றமும் இல்லை. மூளை தேறும் என்று நம்பிக்கையாகப் பேசும் நாம், தேறாமல் போகும் இந்தக் கதவை முதல் வாரத்திலேயே அடைக்க முடியும் என்பதையும் அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டும்.

#9 · நினைவாற்றல்_ஆய்வு

மருத்துவ உளவியல் பக்கத்திலிருந்து. மூளை உண்மையிலேயே வளர்கிறதா என்ற கேள்விக்கு: ஆம், அளந்திருக்கிறார்கள். குடியால் சுருங்கிய மூளை நிறுத்தியபின் ஓரளவு மீள்வதை 1978-இல் கனடாவில் பீட்டர் கார்லன் குழு சி.டி. ஸ்கேனில் காட்டியது. வெறும் நீர்ச்சத்து திரும்புவதுதான் என்று பலர் வாதிட்டார்கள். 2007-இல் பார்ட்ஷ் குழு ஆறேழு வாரம் குடிக்காதவர்களிடம் மூளையின் பருமன் ஏறத்தாழ 2 சதவீதம் கூடியதை எம்ஆர்ஐயில் அளந்தது. அதோடு, நரம்பணுக்களின் நலத்தைக் காட்டும் வேதிப்பொருள்களின் அளவும் உயர்ந்திருந்தது. தண்ணீர் மட்டும் ஊறியிருந்தால் அவை உயராது, நீர்த்திருக்கும்.

டுராசோ குழு புறணியின் தடிமனை முதல் வாரம், முதல் மாதம், ஏறத்தாழ ஏழு மாதம் என மூன்று கட்டத்தில் அளந்தது. 34 பகுதிகளில் 25-இல் தடிமன் கூடியது. முதல் வாரத்திலிருந்து முதல் மாதம் வரை வேகம் அதிகம், பிறகு மெதுவாகிறது. ஏழு மாதம் வரையும் வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. 90 நாள் அதில் நடுவழி.

புதிய நரம்பணுக்கள் பிறக்கின்றனவா? எலிகளில் மதுவை நிறுத்திய ஒரு வாரம் வாக்கில் நினைவுப் பகுதியான ஹிப்போகாம்பஸில் செல் பிறப்பு சட்டென்று பெருகுவதை நிக்சனும் கிரூஸும் 2004-இல் காட்டினார்கள். வளர்ந்த மனிதர் மூளையில் அது எவ்வளவு நடக்கிறது என்பதில் ஆய்வாளர்களே இன்னும் இரண்டு அணி. கையேட்டில் "புது மூளைச் செல்கள் முளைக்கும்" என்று எழுத வேண்டாம். இருக்கும் செல்களின் கிளைகளும் இணைப்புகளும் துணைச் செல்களும் மீள்கின்றன என்பது போதும், அதுவே பெரிய செய்தி.

திறன்களின் வரிசை தோராயமாக இப்படி. முதல் இரண்டு வாரம் கவனமும் புது நினைவும் மிக மோசம். சரளமாகப் பேசுவதால் யாருக்கும் தெரியாது. பேச்சுத்திறன் குடியில் அதிகம் அடிபடுவதில்லை, அதுதான் நம்மை ஏமாற்றுகிறது. மூன்று நான்கு வாரத்தில் கவனம் ஓரளவு நிமிரும். திட்டமிடுதல், ஒரு தூண்டுதலை அடக்குதல், இரண்டு வேலையை மாறிமாறிச் செய்தல் ஆகியவற்றுக்கு மாதங்கள் வேண்டும். இடம், வடிவம் சார்ந்த திறன் இன்னும் மெதுவாக வரும். நடையும் சமநிலையும் சிறுமூளையின் நடுப்பகுதியைப் பொறுத்தவை. அங்கே சேதம் ஆழமாக இருந்தால் கொஞ்சம் தள்ளாட்டம் நிலைத்துவிடலாம்.

இதிலிருந்து வரும் நடைமுறை: நினைவுச் சோதனையை முதல் இரண்டு வாரத்தில் வைத்து "இவருக்கு மறதி நோய்" என்று முத்திரை குத்தாதீர்கள், நான்காவது வாரத்தில் வையுங்கள். ஆலோசனை அமர்வு ஆரம்பத்தில் 20, 30 நிமிடம் போதும். ஒரு தடவையில் ஒரு செய்தி, அதையும் எழுதிக் கையில் கொடுங்கள், மறுநாள் கேளுங்கள். முதல் மாதத்தில் பத்திரத்தில் கையெழுத்து, சீட்டுப் பணம், கடன் பேச்சு எதுவும் வேண்டாம். சாரம், பனைமரம், கம்பம் ஏறும் வேலையும் வண்டி ஓட்டுவதும் மருத்துவர் சொல்லும்வரை தள்ளிப்போகட்டும்.

#10 · புதுவரவு_கடலூர்

எல்லாம் சரிங்க, ஆனா விஷயம் மூளையோட இன்ப ரசாயனம் டோபமைன்தானே? 90 நாள் போன், இனிப்பு, சினிமா எல்லாத்தையும் ஒதுக்கி "டோபமைன் விரதம்" இருந்தா ஏற்பிகள் பழைய நிலைக்கு வந்துடும்னு நிறைய வீடியோ இருக்கே. அதையும் கையேட்டில் சேர்க்கலாமே?

#11 · நினைவாற்றல்_ஆய்வு

சேர்க்க வேண்டாம் தம்பி. நோரா வோல்கோ குழுவின் பெட் ஸ்கேன்களில் குடிநோயாளிகளின் மூளையில் டி2 வகை டோபமைன் ஏற்பிகள் குறைந்திருப்பது உண்மை. ஆனால் அதே குழு 2002-இல் வெளியிட்ட சிறிய ஆய்வில், விலகல் முடிந்து மேலும் 1 முதல் 4 மாதம் குடிக்காமல் இருந்தவர்களிடமும் டி2 அளவில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. 90ஆம் நாளில் ஏற்பி திரும்பிவிடும் என்பதற்கு அது இடம் தரவில்லை. மெத்தாம்பெட்டமைன் பயன்படுத்தியவர்களிடம் 2001-இல் பார்த்தபோது டோபமைனைத் திரும்ப உள்ளிழுக்கும் புரதம் 12 முதல் 17 மாதத்தில் 16 முதல் 19 சதவீதம் உயர்ந்தது. அதற்கு ஈடாக நினைவுச் சோதனைகள் முன்னேறவில்லை. அளவு மீள்வது ஒன்று, வேலை மீள்வது வேறு.

எதிலும் சுவை இல்லாமல் கிடப்பவரிடமிருந்து பாட்டு, இனிப்பு, கிரிக்கெட்டையும் பறித்தால் மிஞ்சுவது மது நினைப்பு மட்டும்தான். செய்ய வேண்டியது நேர்மாறு: சிறிய, உடனே கிடைக்கும், தினமும் நடக்கும் இன்பங்களை நாளுக்குள் அடுக்குவது. மூளை இந்தக் கட்டத்தில் தூரத்துப் பலனை மதிப்பதில்லை. "அடுத்த வருடம் வீடு கட்டலாம்" வேலை செய்யாது. "இன்று மாலை மகளோடு கடைத்தெரு" வேலை செய்யும்.

#12 · மனநலம்_மதுரை

அதோடு டோபமைன் பாதிக் கதைதான். ஆய்வாளர் ஜார்ஜ் கூப் பல ஆண்டுகளாக வலியுறுத்துவது மற்றப் பாதியை: பயத்தைக் கையாளும் அமிக்டலாவை ஒட்டிய மனஅழுத்த அமைப்பு. அங்கே சிஆர்எஃப், டைனார்ஃபின் போன்ற மனஅழுத்த வேதிப்பொருள்கள் தூக்கி நிறுத்தப்பட்டிருக்கும். விலகல் முடிந்த பிறகும் வாரக்கணக்கில் எரிச்சல், காரணமற்ற பதற்றம், சின்னச் சொல்லுக்குப் பெரிய கோபம் வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். "குடிக்கும்போதே நல்லா இருந்தார்" என்று மனைவி சொல்வது இந்த வாரங்களில்தான். அவர் குணம் கெட்டுவிடவில்லை. வாக்குவாதத்தைத் தள்ளிப்போடுங்கள், பழைய கணக்கைத் தீர்க்க இது நேரமில்லை. கை நீட்டினால் மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை, அதற்கு நோய் சாக்கு ஆகாது.

மனச்சோர்வு முதல் 2 முதல் 4 வாரத்தில் பலருக்கு மருந்தில்லாமலே கணிசமாக இறங்கிவிடும். அதனால் மனச்சோர்வு மருந்தை உடனே தொடங்காமல் பார்ப்போம். குடிக்கு முன்பே மனச்சோர்வு இருந்தவர், தற்கொலை எண்ணம் உள்ளவர் இரண்டு பேருக்கும் காத்திருக்க மாட்டோம். "சாகணும்னு தோணுதா?" என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது.

#13 · ஆலோசகர்_சேலம்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். கையேட்டில் நடுப்பக்கம் இதற்கு ஒதுக்குங்கள்: ஒன்று முதல் ஆறு மாதம்.

கொக்கைன் பயன்படுத்தியவர்களிடம் பர்வாஸ் குழு 2016-இல் மூளை மின்னலைகளை அளந்தது. "ஏக்கம் குறைந்துவிட்டது" என்று அவர்கள் வாயால் சொன்னார்கள். ஆனால் போதை தொடர்பான படங்களுக்கு மூளை காட்டிய எதிர்வினை ஒரு மாதத்துக்கும் ஆறு மாதத்துக்கும் நடுவில்தான் உச்சம். பொருள் வேறு என்றாலும், தூண்டல் ஏக்கம் நாளாக நாளாக ஊறிப் பெருகுவதை மதுவிலும் எலிகளிடம் பார்த்திருக்கிறார்கள். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கே தெரியாது. "இனி எனக்கு ஒண்ணும் ஆகாது, நண்பர்களோடு சும்மா உட்காருவேன்" என்ற பேச்சு இரண்டாம் மூன்றாம் மாதத்தில் வந்தால் குடும்பம் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

சூழலை மாற்றுவது மன உறுதியைவிட எளிது. டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறக்கிறது, இரவு 10க்கு மூடுகிறது. அவர் வழக்கமாகக் குடித்த மணி எது என்று எழுதி, அந்த ஒரு மணி நேரத்தை வேறு இடத்தில், வேறு ஆளோடு நிரப்புங்கள். கடை வழியாக வரும் பாதையை மாற்றுங்கள். சம்பளம் வாரக்கூலியாகக் கையில் வந்தால் முதல் மூன்று மாதம் அவரும் ஒப்புக்கொண்டு வேறொருவர் வாங்கட்டும். போனில் பணம் அனுப்பும் செயலியில் நாள் வரம்பைக் குறைத்துவையுங்கள். பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர் பாக்கெட், மிக்சர், கடலை, அவர் வைத்துக்கொண்ட ஊறுகாய் என்று சைடிஷ்கூடத் தூண்டும். சில மாதத்துக்கு அவை வீட்டில் வேண்டாம்.

ஏக்கம் வந்துவிட்டால் அது ஏறி, உச்சம் தொட்டு, பெரும்பாலும் 15 முதல் 30 நிமிடத்தில் தானே இறங்கும். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது முன்பே தாளில் இருக்கட்டும். முதலில் வயிற்றுக்கு ஏதாவது. பிறகு இடத்தை விட்டு நகர்வது. பிறகு ஒரு பெயருக்குப் போன். திட்டமிடும் பகுதி இன்னும் தேறாத மூளையிடம், அந்த நிமிடத்தில் புதிதாக யோசிக்கச் சொல்வது நியாயமில்லை.

#14 · வார்டு_சிஸ்டர்

தூக்கத்தை யாரும் சொல்லலையே. டிஸ்சார்ஜ் ஆனவங்க திரும்ப வர்றப்ப முதல் புகாரே "தூங்க முடியல" தான். ஆழ்ந்த தூக்கம் மாசக்கணக்குல குறைஞ்சே இருக்கும். கனவுத் தூக்கம் பீறிட்டு வரும், அதுல குடிக்கிற மாதிரி கனவு வரும். எழுந்து "நான் குடிச்சிட்டேனோ"ன்னு அழுவாங்க. அது மூளை தேறுறப்ப சாதாரணமா வர்றதுதான்னு முன்கூட்டியே சொல்லிட்டா பாதி பயம் போயிடும்.

எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே நேரத்துல எழுந்திருக்கணும். பகல்ல தூங்கினா அரை மணிதான். மதியத்துக்கு மேல காபி, டீ வேண்டாம். இருபது நிமிஷம் புரண்டும் தூக்கம் வரலைன்னா படுக்கையை விட்டு எழுந்து மங்கலான வெளிச்சத்துல உக்காரட்டும். குறட்டை விட்டு மூச்சு நின்னு நின்னு வருதுன்னா அது தனி நோய், பரிசோதிக்கணும். "ஒரு தூக்க மாத்திரை மட்டும்"னு யார் சொன்னாலும் கேக்காதீங்க.

#15 · மருந்தாளர்_கோவை

தேறும் காலத்துக்கான மருந்துகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், எல்லாம் மருத்துவர் சீட்டோடுதான். நால்ட்ரெக்ஸோன் 50 மி.கி. தினம் ஒன்று. குடியின் இன்பத்தை மழுக்கும். டிரமடால் போன்ற ஓபியாய்டு (அபின் வகை) வலி மாத்திரை சாப்பிடுபவருக்குக் கொடுத்தால் கடும் விலகல் வெடிக்கும். 7 முதல் 10 நாள் அவை இல்லாமல் இருந்திருக்க வேண்டும். தூக்கம் கெடுகிறது என்றால் காலையில் போடலாம். அகாம்ப்ரோசேட் 333 மி.கி., இரண்டு மாத்திரை வீதம் மூன்று வேளை. 60 கிலோவுக்குக் குறைந்தவருக்கு நாளைக்கு நான்கு. சிறுநீரகச் சோதனை கட்டாயம். இது குளூட்டமேட் கொதிப்பை ஆற்ற உதவுவதாகக் கருதப்படுகிறது. வேளைக்குப் போடாமல் விடுவதால்தான் பெரும்பாலும் பலனில்லை என்கிறார்கள்.

டைசல்ஃபிராம் பற்றிக் கெஞ்சிக் கேட்கிறேன்: அவருக்குத் தெரியாமல் சாம்பாரிலோ காபியிலோ கலந்து கொடுக்காதீர்கள். "தெரியாமல் கொடுக்கும் குடி நிறுத்த மருந்து" என்று விற்கும் பொடிகளையும் வாங்காதீர்கள். அது உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழும். இதய நோயாளி இறந்தும் போகலாம். மாத்திரையை நிறுத்தி 14 நாள் வரைகூட அந்த எதிர்வினை வரும். தெரிந்து, ஒப்புக்கொண்டு, கடைசிக் குடிக்கு 12 மணி நேரமாவது கழித்து, ஒருவர் எதிரில் சாப்பிட்டால் மட்டுமே அது மருந்து. அவர்கள் இருமல் டானிக், அரிஷ்டம், ஆல்கஹால் கலந்த ஹோமியோபதி சொட்டு எல்லாவற்றையும் தவிர்க்க வேண்டும். அரிஷ்டத்தில் புளிப்பதால் தானே உண்டாகும் ஆல்கஹால் 5 முதல் 10 சதவீதம் வரை இருக்கும்.

#16 · தஞ்சை_தன்னார்வலர்

ஒரே ஒரு கேள்வி மிச்சம். "குடியையாவது விட்டாரே, பீடியைப் பிறகு பார்க்கலாம்" என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். சரியா?

#17 · மனநலம்_மதுரை

இல்லை. புகைப்பவர்களின் மூளை குடியிலிருந்து மெதுவாகத்தான் தேறுகிறது என்று டுராசோவின் முந்தைய ஆய்வுகளே காட்டுகின்றன. முன்மூளையும் நினைவுத்திறனும்தான் பின்தங்குகின்றன. இரண்டையும் சேர்த்து நிறுத்துவது குடி நிறுத்தத்தைக் கெடுக்கும் என்ற பயத்துக்கு வலுவான ஆதாரம் இல்லை. விலகல் வாரம் முடிந்ததும் நிக்கோட்டின் சூயிங்கம் அல்லது தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டையோடு தொடங்கலாம். பீடி, சிகரெட் புகை காஃபினைக் கல்லீரல் சீக்கிரம் கழிக்க வைக்கும். புகையை நிறுத்தியதும் அதே இரண்டு டம்ளர் காபி இரட்டிப்பாக வேலை செய்து படபடப்பைக் கூட்டும். எனவே காபியைப் பாதியாக்குங்கள். மெல்லும் புகையிலைக்கு இது பொருந்தாது.

#18 · தஞ்சை_தன்னார்வலர்

வரைவு: "முதல் 5 நாள் உயிர் ஆபத்து, மருத்துவர் பார்வையில் இருங்கள். முதல் மாதம் மூளை வேகமாக மீள்கிறது, ஆனால் முடிவெடுக்கும் திறன் பின்தங்கும். 1 முதல் 6 மாதம், ஏக்கம் இல்லை என்று அவரே சொன்னாலும், தூண்டல் வலுவாக இருக்கும். தூக்கமும் மனநிலையும் சீராகச் சிலருக்கு ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகலாம். இடையில் ஒரு நாள் குடித்துவிட்டால் எல்லாம் வீண்." சரியா?

#19 · மனநலம்_மதுரை

கடைசி வாக்கியத்தை எடுத்துவிடுங்கள், அது உண்மையில்லை. ஒரு நாள் குடியால் ஐந்து மாதத் தடிமன் கரைந்துவிடாது. "எல்லாம் போச்சு" என்ற நினைப்புதான் ஒரு நாளைப் பத்து நாளாக்குகிறது. அதற்குப் பதில் இப்படிப் போடுங்கள்: "குடித்துவிட்டால் அன்றே சொல்லுங்கள். தொடர்ந்து சில நாள் குடித்திருந்தால் தானாக நிறுத்த வேண்டாம், வலிப்பு வரலாம், மருத்துவமனைக்கு வாருங்கள். தயமின் மறுபடி தேவைப்படும்." அதன் கீழே மனநல உதவி எண் டெலி-மானஸ் 14416, தேசிய போதை மீட்பு உதவி எண் 14446 இரண்டையும் பெரிய எழுத்தில் போடுங்கள்.

#20 · வார்டு_சிஸ்டர்

எழுத்து எல்லாமே பெருசா இருக்கட்டும், பக்கத்துக்கு நாலு வரி போதும். முதல் மாசம் அவரே எடுத்துப் படிக்கிற மாதிரி இருக்கணும்.